கேத்தலின் அடியில் எழுதியிருக்கும் கணக்கு

வீட்டில் மின்கேத்தல் இருந்தால் பிளக்கைக் கழற்றி, உள்ளே கிடக்கும் தண்ணீரைக் கொட்டிவிட்டுக் கவிழ்த்துப் பாருங்கள். அடியில் ஒரு சின்ன ஸ்டிக்கர் இருக்கும். திருகோணமலைக் கடைகளில் விற்கும் சாதாரணக் கேத்தல்கள் பலவற்றில் இப்படித்தான் எழுதியிருக்கும்: 220-240 வோல்ற்று, 50 ஹேர்ட்ஸ், 1850-2200 வாற்று.

வோல்ற்றுக்கு இரண்டு எண் போட்டிருப்பது புரிகிறது. இடத்துக்கு இடம் அது கொஞ்சம் மாறும்; இலங்கையில் பெயரளவில் 230. ஆனால் வாற்றுக்கு ஏன் இரண்டு எண்? ஒரே கேத்தல், உள்ளே ஒரே சூடாக்கும் சுருள். அது 1850 வாற்றா, 2200 வாற்றா? கடைக்காரரைக் கேட்டால், "அது சும்மா அப்படித்தான் போடுவாங்கள் தம்பி" என்பார். சும்மா போடுவதில்லை. தடை, வலு இரண்டையும் கணக்கிடுவதற்குத் தேவையான எல்லாமே அந்த நான்கு எண்களுக்குள் இருக்கின்றன.

முதலில் எதை அளக்கிறோம் என்று பார்ப்போம். மின்னோட்டம் என்பது வயரின் ஓர் இடத்தைத் தாண்டி ஒரு செக்கனில் எவ்வளவு மின்னேற்றம் போகிறது என்பது. ஏற்றத்தைக் கூலோமில் அளக்கிறோம். செக்கனுக்கு ஒரு கூலோம் போனால் அது ஓர் அம்பியர். வோல்ற்றளவு என்பது அந்த ஒவ்வொரு கூலோமும் போகிற வழியில் எவ்வளவு சக்தியை இறக்கிவிட்டுப் போகிறது என்பது. ஒரு கூலோம் ஒரு யூல் சக்தியை இறக்கினால் ஒரு வோல்ற்று. ஆகவே 230 வோல்ற்றில் வேலை செய்யும் கேத்தலுக்குள் ஒவ்வொரு கூலோமும் 230 யூலை வெப்பமாக விட்டுவிட்டுப் போகிறது.

இவ்வளவும் புரிந்தால் வலுவுக்கான சூத்திரத்தைப் பாடமாக்கவே தேவையில்லை. ஒவ்வொரு கூலோமும் 230 யூல் இறக்குகிறது; ஒரு செக்கனில் 9 கூலோம் வருகிறது; அப்படியானால் ஒரு செக்கனில் இறங்கும் சக்தி 230 × 9 = 2070 யூல். ஒரு செக்கனுக்கு ஒரு யூல் என்பதைத்தான் வாற்று என்கிறோம். ஆகவே:

வோல்ற்று × அம்பியர் = வாற்று

தடைக்குப் பெருக்கல் இல்லை, வகுத்தல். ஒரு பொருளுக்குள் ஓர் அம்பியரை ஓட்டுவதற்கு எத்தனை வோல்ற்று கொடுக்க வேண்டும் என்பதுதான் அதன் தடை. 12 வோல்ற்று கொடுத்து 2 அம்பியர் ஓடினால், அம்பியர் ஒன்றுக்கு 6 வோல்ற்று. தடை 6 ஓம்.

வோல்ற்று ÷ அம்பியர் = ஓம்

பாடசாலையில் இதற்குத் தண்ணீர்த் தாங்கி, குழாய் என்று ஓர் உவமை சொல்லித் தருவார்கள். முதல் நாளுக்கு அது நல்லதுதான். ஆனால் குழாயை வெட்டினால் தண்ணீர் கொட்டும். வயரை வெட்டினால் மின்னோட்டம் நின்றுவிடும். அந்த இடத்தில் பிள்ளைகள் குழம்புவதைப் பார்த்திருப்பதால் நான் சக்திக் கணக்கோடே நின்றுகொள்கிறேன்.

இனி ஸ்டிக்கருக்கு வருவோம். முதல் சோடி எண்கள் 220 வோல்ற்றும் 1850 வாற்றும். வாற்றை வோல்ற்றால் வகுத்தால் அம்பியர் வரும்: 1850 ÷ 220 = 8.41. இப்போது தடை: 220 ÷ 8.41 = 26.2 ஓம். அடுத்த சோடி, 240 வோல்ற்றும் 2200 வாற்றும். 2200 ÷ 240 = 9.17 அம்பியர். தடை: 240 ÷ 9.17 = 26.2 ஓம்.

இரண்டு வழியாகவும் ஒரே 26.2. ஸ்டிக்கர் சொல்வது இதுதான்: உள்ளே இருக்கும் சுருளின் தடை மாறாது, வோல்ற்று மாறினால் வாற்றுத்தான் மாறும். உங்கள் கேத்தலில் வேறு எண்கள் இருந்தால் அதையும் இப்படி வகுத்துப் பாருங்கள். அவர்கள் எண்களை முழுமையாக்கி எழுதுவதால் ஓர் ஓம் இப்படி அப்படி வரலாம்.

நம்முடைய 230 வோல்ற்றில் இந்தக் கேத்தல் எடுப்பது 230 ÷ 26.2 = 8.78 அம்பியர். வலு 230 × 8.78, கிட்டத்தட்ட 2020 வாற்று. அதாவது அரை மணித்தியாலம் தொடர்ந்து எரிந்தால் மீற்றரில் ஓர் அலகு. ஓர் அலகு என்பது ஒரு கிலோவாற்று மணித்தியாலம், 36 இலட்சம் யூல்.

இனிப் பின்னேர நேரக் கதை. நகரத்திலிருந்து தள்ளி, மின்மாற்றியிலிருந்து நீண்ட தூரம் கம்பி இழுத்த இடங்களில் இரவு ஏழு மணிக்கு எல்லா வீடுகளும் ஒரே நேரத்தில் சாமான்களைப் போடும்போது வோல்ற்று இறங்கும். "கரண்ட் குறைவாயிருக்கு" என்பார்கள். அப்படியோர் இரவில் 200 வோல்ற்றுத்தான் வருகிறது என்று வையுங்கள். இந்தக் கேத்தல் இப்போது எத்தனை அம்பியர் எடுக்கும்?

கொஞ்சம் படித்த பலர் இங்கேதான் வழுக்குகிறார்கள். "கேத்தல் 2000 வாற்று, வோல்ற்று 200, அப்படியானால் 2000 ÷ 200 = 10 அம்பியர். வோல்ற்று குறைந்தால் கேத்தல் கூட இழுக்கும், வயர் சுடும்" என்று கணக்குப் போடுவார்கள். வகுத்தல் சரி; ஆனால் 2000 வாற்று என்பது கேத்தலுடைய நிலையான குணம் என்று எடுத்துக்கொண்டது பிழை. அதில் மாறாமல் நிற்பது தடை, வாற்று இல்லை. ஆகவே 200 ÷ 26.2 = 7.63 அம்பியர். மின்னோட்டம் குறைகிறது. வலு 200 × 7.63 = 1527 வாற்று.

வோல்ற்று 230இலிருந்து 200க்கு இறங்கியது நூற்றுக்கு 13 மட்டும். வலுவோ நூற்றுக்கு 24 இறங்கிவிட்டது. காரணம், வோல்ற்று குறைந்தபோது மின்னோட்டமும் கூடவே குறைந்தது. குறைந்த இரண்டையும் பெருக்குகிறோம். தேத்தண்ணிக்கு 30 பாகையில் இருக்கும் ஒன்றரை லீற்றர் தண்ணீரைக் கொதிக்கவைக்க ஏறத்தாழ 4,40,000 யூல் வேண்டும். வெளியே போகும் வெப்பத்தைக் கணக்கில் எடுக்காவிட்டால், 230 வோல்ற்றில் மூன்று நிமிடம் 40 செக்கன்; 200 வோல்ற்றில் நாலே முக்கால் நிமிடத்துக்கு மேல். தண்ணீருக்கு வேண்டிய சக்தி அதேதான் என்பதால் பில்லில் இலாபம் ஒன்றும் இல்லை. காத்திருப்பதுதான் மிச்சம்.

எது மாறாமல் நிற்கிறது என்ற கேள்வியை இந்தக் கட்டுரை முழுக்கக் கேட்டுக்கொண்டே இருக்கப் போகிறோம். இது புதிய புத்தி இல்லை. ஜேர்மனியின் கொலோன் நகரில் கணிதமும் பௌதிகமும் படிப்பித்த ஜோர்ஜ் சைமன் ஓம் 1820களில் இந்த ஆராய்ச்சியைத் தொடங்கியபோது அவரைத் திணறடித்ததும் இதுதான். அவரிடம் இருந்தது வோல்ற்றாவின் அடுக்கு மின்கலம். கம்பியை இணைத்ததும் அதன் வோல்ற்று விழுந்துகொண்டே போகும். கம்பியை மாற்றியதால் ஓட்டம் மாறியதா, மின்கலம் சோர்ந்ததால் மாறியதா என்று பிரித்தறிய முடியவில்லை. பிறகு அவர் பிஸ்மத்தையும் செம்பையும் இணைத்து, ஒரு சந்தியைக் கொதிநீரிலும் மற்றதைப் பனிக்கட்டியிலும் வைத்தார். கொதிநீரும் பனிக்கட்டியும் இருக்கும்வரை வெப்பநிலை வித்தியாசம் மாறாது. ஆகவே கிடைக்கும் வோல்ற்றும் மாறாது. அதற்குப் பிறகுதான் கம்பியின் நீளத்தை மாற்றி மாற்றி விதியைக் காண முடிந்தது. புத்தகமாக 1827இல் வெளியிட்டார்.

சரி, இனிக் கொஞ்சம் சிக்கலான இடத்துக்கு வருவோம். சாதாரண தரப் புத்தகத்தில் வலுவுக்கு இன்னும் இரண்டு சூத்திரங்கள் இருக்கும். முதலாவது, அம்பியர் × அம்பியர் × ஓம். இரண்டாவது, வோல்ற்று × வோல்ற்று ÷ ஓம். இரண்டும் மேலே சொன்ன பெருக்கலையும் வகுத்தலையும் சேர்த்து எழுதியவைதான். ஆனால் முதலாவதைப் பார்த்தால் தடை கூடினால் வெப்பம் கூடும்போல் இருக்கிறது. இரண்டாவதைப் பார்த்தால் தடை கூடினால் வெப்பம் குறையும்போல் இருக்கிறது. எது உண்மை?

இரண்டும் உண்மை. பதில் பிளக்கில் இருக்கிறது.

திருகோணமலையில் கடலுக்குக் கிட்ட வீடு உள்ளவர்களுக்கு இதை விளக்கிச் சொல்ல வேண்டியதில்லை. வாடைக் காற்று தொடங்கிவிட்டால் உப்பு எல்லா இடத்திலும் வந்து படியும். ஜன்னல் கொளுக்கி துருப்பிடிக்கும், சைக்கிள் சங்கிலி இறுகும், சொக்கட்டுக்குள் இருக்கும் பித்தளைத் தகட்டில் பச்சைக் களிம்பு ஏறும். களிம்பு நல்ல கடத்தி இல்லை. பளபளப்பான பிளக் முள், சுத்தமான தகட்டில் இறுக்கமாக உட்கார்ந்தால் அந்தத் தொடுகையின் தடை கணக்கில் எடுக்கத் தேவையில்லாத அளவுக்குச் சிறியது. களிம்பு பிடித்து, தகட்டின் விறைப்பும் போய்விட்டால் அது 0.2 ஓம் ஆகிறது என்று வைப்போம். வோல்ற்று, அம்பியர், ஓம் அளக்கும் கைமீற்றரால் (மல்ரிமீற்றர்) அளந்தாலும் கண்ணில் படாத எண்.

கேத்தலைப் போடுகிறோம். மொத்தத் தடை இப்போது 26.2 + 0.2 = 26.4 ஓம். மின்னோட்டம் 230 ÷ 26.4 = 8.7 அம்பியர். முன்பைவிட எதுவும் பெரிதாகக் குறையவில்லை, கேத்தலும் வழக்கம்போல் கொதிக்கிறது. ஆனால் அந்த 8.7 அம்பியரும் களிம்பு பிடித்த தொடுகையைத் தாண்டித்தானே போக வேண்டும்? அங்கே இறங்கும் வோல்ற்று 8.7 × 0.2 = 1.74. அங்கே பிறக்கும் வெப்பம் 1.74 × 8.7, ஏறத்தாழ 15 வாற்று. சின்ன சோல்டரிங் அயன் ஒன்று 25 வாற்று. அதில் பாதிக்கு மேற்பட்ட சூடு, பிளாஸ்ரிக்குக்கு உள்ளே, காற்றுப் போக வழியில்லாத இடத்தில், விரல் நகமளவு உலோகத்தில்.

சூடேறினால் உலோகம் இன்னும் கறுக்கும், தகடு இன்னும் தளரும், தடை இன்னும் கூடும். அது ஓர் ஓம் ஆகும்போது கேத்தல் 8.46 அம்பியர் எடுக்கும். தொடுகையில் மட்டும் 71 வாற்று. இன்னும் மிகப் பெரிதாகத் தடை கூடினால் ஓட்டமே குறைந்து வெப்பமும் தணியும் என்பது காகிதத்தில் சரி. அந்த நேரத்துக்குள் சொக்கட் உருகி மணம் வந்துவிடும்.

இதே சொக்கட்டில் ஃபோன் சார்ஜரைக் குத்துங்கள். அது எடுப்பது 0.1 அம்பியர் என்று வைத்தால் தொடுகையில் வெப்பம் 0.1 × 0.1 × 0.2 = 0.002 வாற்று. ஒன்றுமே இல்லை. "ஃபோன் நல்லாத்தானே சார்ஜ் ஆகுது, சொக்கட்டில் என்ன பிழை?" என்று கேட்பவர்களுக்கு இந்த வரிதான் பதில். மின்னோட்டம் பத்து மடங்கானால் தொடுகையின் வெப்பம் நூறு மடங்கு.

ஆக, களிம்பு கேத்தலோடு வரிசையில் இருக்கிறது. அதற்குள் எத்தனை அம்பியர் போகும் என்பதைத் தீர்மானிப்பது கேத்தல். மின்னோட்டம் ஏறக்குறைய மாறாமல் நிற்பதால், தடை கூடக் கூட வெப்பம் கூடுகிறது; முதலாவது சூத்திரம். கேத்தலின் சுருளோ நேரே 230 வோல்ற்றுக்குக் குறுக்கே இருக்கிறது. அங்கே மாறாமல் நிற்பது வோல்ற்று. ஆகவே தடை குறைந்த சுருள்தான் கூடச் சுடும், இரண்டாவது சூத்திரம். அதிக வாற்றுள்ள கேத்தலுக்குத் தடை குறைவு என்பது புதிதாகப் படிப்பவருக்குத் தலைகீழாகத் தெரியும். 1000 வாற்று அயன்பொக்ஸ் ஒன்றுக்கு 53 ஓம், 2000 வாற்றுக் கேத்தலுக்கு அதில் பாதி.

இன்னொன்றையும் கவனியுங்கள். களிம்பு பிடித்த பிளக் கருகிக்கொண்டிருக்கும்போது பிரேக்கர் விழாது. பிளக்குக்குள் இருக்கும் 13 அம்பியர் ஃபியூஸும் போகாது. அவை பார்ப்பது மின்னோட்டத்தை, அது 8.7 அம்பியர், எல்லாம் ஒழுங்கு. போன ஓட்டமும் திரும்பி வரும் ஓட்டமும் சமமா என்று பார்க்கும் ட்ரிப் சுவிட்சும் பேசாமல் இருக்கும், ஏனென்றால் போன ஓட்டம் முழுவதும் திரும்பி வந்துவிடுகிறது. இதைக் கண்டுபிடிக்கக் கையும் மூக்கும்தான் உண்டு. கேத்தல் கொதித்து அணைந்த உடனே பிளக்கின் பிளாஸ்ரிக் மூடியைத் தொட்டுப் பாருங்கள். இளஞ்சூடு பரவாயில்லை. கை வைக்க முடியாமல் சுட்டாலோ, சொக்கட்டின் துளையைச் சுற்றிப் பழுப்பு நிறம் தெரிந்தாலோ, மீன் வாடைபோல ஒரு கருகல் மணம் வந்தாலோ சொக்கட்டை மாற்றுவதுதான் வழி. உரஞ்சித் துடைத்துப் பயனில்லை. தகட்டின் விறைப்புத் திரும்பி வராது.

படகுக்காரர்களுக்கு இதே கணக்கு வேறு உருவத்தில் வரும். கொட்பே துறைமுகத்தில் நிற்கும் படகுகளிலும், உப்புவெளி, நிலாவெளிக் கரைகளில் ஏற்றி வைத்திருக்கும் ஃபைபர் படகுகளிலும் இருப்பது 12 வோல்ற்றுப் பற்றரி. இரவில் வெளிச்சத்துக்கு 60 வாற்று விளக்கு ஒன்று போடுகிறார்கள் என்று வையுங்கள். வீட்டில் 60 வாற்று என்றால் 60 ÷ 230 = 0.26 அம்பியர். படகில் 60 ÷ 12 = 5 அம்பியர். வாற்று ஒன்றுதான், மின்னோட்டம் ஏறத்தாழ 19 மடங்கு.

பற்றரியிலிருந்து விளக்கு 10 மீற்றர் தள்ளி இருந்தால் போக 10, வர 10, மொத்தம் 20 மீற்றர் வயர். வீட்டு விளக்குகளுக்கு இழுக்கும் 1.5 சதுர மில்லிமீற்றர் செப்பு வயரை இங்கும் போட்டால் அதன் தடை 0.23 ஓம். (செம்புக்கு ஒரு மீற்றர் நீளம், ஒரு சதுர மில்லிமீற்றர் தடிப்பு என்றால் 0.0172 ஓம், நீளத்தால் பெருக்கி, தடிப்பால் வகுத்தால் வந்துவிடும்.) 5 அம்பியர் போகும்போது வயரில் விழுவது 5 × 0.23 = 1.15 வோல்ற்று. 12இல் 1.15 போனால் விளக்கு கண்ணுக்குத் தெரியும்படி மங்கும். பற்றரி தரும் வலுவில் ஏறத்தாழ 6 வாற்று வயரைச் சூடாக்கப் போகிறது. அதே வயர், அதே 60 வாற்று, வீட்டில் என்றால் விழுவது 0.06 வோல்ற்று, யாருக்கும் தெரியாது.

"விளக்கு மங்குது, பற்றரி பழசாப் போச்சு" என்று புதுப் பற்றரி வாங்குவதற்கு முன் மீற்றரின் இரண்டு முனைகளையும் விளக்கு எரியும்போது விளக்கின் முனைகளில் வைத்து ஒரு முறையும், பற்றரியின் முனைகளில் வைத்து ஒரு முறையும் பாருங்கள். பற்றரியில் 12.2, விளக்கில் 10.9 என்றால் குற்றவாளி வயர், அல்லது வழியில் இருக்கும் ஏதாவது உப்புப் பிடித்த இணைப்பு. 6 சதுர மில்லிமீற்றர் வயர் போட்டால் இழப்பு நாலிலொன்றாகிவிடும். எல்.ஈ.டி. விளக்குக்கு மாறினால் மின்னோட்டமே குறைந்துவிடுவதால் பழைய வயரே போதும். எனக்கென்றால் இரண்டாவதுதான் புத்திசாலித்தனம். தடித்த செப்பு வயரின் விலையைக் கேட்டுப் பார்த்தவர்களுக்குக் காரணம் விளங்கும்.

கோயில் திருவிழாவில் நீளமாக இழுத்த மின்குமிழ் வரிசையின் கடைசிக் குமிழ் மங்கலாக எரிவதும் இதே கதைதான். அதை விடுவோம்.

மின்குமிழ் என்றதும் ஓர் எச்சரிக்கை சொல்ல வேண்டும். தடை மாறாது என்று கேத்தல் சுருளுக்குச் சொன்னது எல்லாவற்றுக்கும் செல்லாது. சுருள் நிக்ரோம் கம்பி. சூடேறினாலும் அதன் தடை நூற்றுக்குச் சில பங்கு மட்டுமே மாறும். பழைய இழை மின்குமிழில் இருப்பது தங்குதன். 230 வோல்ற்று, 100 வாற்றுக் குமிழ் ஒன்று எரியும்போது அதன் தடை 529 ஓம். அணைத்து, ஆறியபின் மீற்றரால் அளந்தால் 40 ஓமுக்கு அக்கம்பக்கம்தான் காட்டும். மீற்றர் பழுதில்லை; வெள்ளைச் சூட்டில் தங்குதனின் தடை பல மடங்காகிறது. போட்ட கணத்தில் 5, 6 அம்பியர் பாய்வதால்தான் பழைய குமிழ்கள் பெரும்பாலும் சுவிட்சைப் போடும் கணத்தில் "டப்" என்று போகும். வோல்ற்றை அம்பியரால் வகுத்தால் கிடைப்பது அந்த நேரத்துத் தடை, அந்தச் சூட்டில் உள்ள தடை.

இனி அளப்பது எப்படி என்று. 230 வோல்ற்றில் கை வைக்காமலே நிறையப் படிக்கலாம். கேத்தலின் தடையை அளக்க மின்சாரமே வேண்டாம். பிளக்கைக் கழற்றிக் கையில் எடுங்கள். கேத்தலை அதன் தட்டில் வைத்து, கேத்தலின் சுவிட்சை மட்டும் போடுங்கள். மீற்றரை ஓமுக்குத் திருப்பி, சிவப்பு, கறுப்பு முனைகளை முதலில் ஒன்றோடொன்று தொட்டுப் பாருங்கள், 0.3, 0.4 என்று ஏதாவது காட்டும். அது மீற்றர் வயர்களின் தடை, பிறகு கழிக்க வேண்டும். பின் பிளக்கின் நீளமான மண் முள்ளை விட்டுவிட்டு, மற்ற இரண்டு முட்களிலும் முனைகளை வையுங்கள். 26க்குக் கிட்ட ஓர் எண் வந்தால் ஸ்டிக்கரில் போட்ட கணக்கைக் கண்ணால் பார்த்துவிட்டீர்கள். ஒன்றுமே காட்டாவிட்டால் சுவிட்சைப் போட மறந்திருப்பீர்கள், அல்லது சுருள் அறுந்திருக்கும். மின்சாரம் இருக்கும் எதிலும் மீற்றரை ஓமில் வைத்துத் தொடக்கூடாது.

வோல்ற்றை அளக்கும்போது மீற்றரைக் குறுக்கே வைக்கிறோம், பொருளின் இரண்டு முனைகளிலும். அம்பியரை அளக்க வேண்டுமானால் சுற்றை ஓரிடத்தில் பிரித்து, மின்னோட்டம் மீற்றருக்குள்ளால் போகும்படி வரிசையில் இணைக்க வேண்டும். அதற்காக அம்பியர் நிலையில் மீற்றரின் தடையை மிகமிகச் சிறிதாக வைத்திருப்பார்கள். சிவப்பு வயர் அம்பியர் துளையிலேயே இருக்க, மறந்துபோய் அதைப் பற்றரியின் இரண்டு முனைகளிலும் குறுக்கே வைத்தால் என்ன ஆகும் என்பதை வகுத்துப் பார்த்தாலே தெரியும். நல்ல வேளை என்றால் மீற்றரின் ஃபியூஸ் மட்டும் போகும். இதே தவறை 230 வோல்ற்றில் செய்தால் மீற்றர் கையிலேயே வெடிக்கலாம். ஆகவே தொடக்கத்தில் அம்பியரை 12 வோல்ற்றுப் பற்றரியும் சின்ன விளக்கும் வைத்து மட்டும் அளந்து பழகுங்கள். வீட்டு மின்சாரத்துக்குக் கிளாம்ப் மீற்றர் இருக்கிறது. வயரை வெட்டாமலே அதன் வாய்க்குள் ஒரே ஒரு வயரை விட்டால் போதும். இரண்டு வயரும் சேர்ந்த கேபிளை அப்படியே உள்ளே விட்டால், போகும் ஓட்டமும் வரும் ஓட்டமும் ஒன்றையொன்று அழித்துப் பூச்சியம் காட்டும்.

பற்றரி 12 வோல்ற்றுத்தானே, அது ஒன்றும் செய்யாது என்று நினைப்பவர்களுக்கும் ஒரு வகுத்தல் இருக்கிறது. நல்ல பற்றரி சும்மா இருக்கும்போது 12.6 வோல்ற்று. டீசல் இயந்திரத்தின் ஸ்டார்ட்டர் 100 அம்பியர் இழுக்கும்போது அது 10.6க்கு இறங்குகிறது என்று வைப்போம். இறங்கிய 2 வோல்ற்றும் பற்றரிக்கு உள்ளேயே விழுந்திருக்கிறது. ஆகவே உட்தடை 2 ÷ 100 = 0.02 ஓம். இப்போது கையிலிருக்கும் ஸ்பானர் தவறுதலாக இரண்டு முனைகளிலும் குறுக்கே விழுந்தால்? 12.6 ÷ 0.02 = 630 அம்பியர். வலு 12.6 × 630, ஏறத்தாழ 8000 வாற்று, நான்கு கேத்தல்கள். ஸ்பானர் பற்றிக்கொண்டு சிவக்கும், பற்றரி வெடிக்கவும் கூடும். மோதிரம், கைச்சங்கிலி போட்டுக்கொண்டு பற்றரியில் வேலை செய்யக்கூடாது என்று பழைய ஆட்கள் சொல்வது இதனால்தான்.

ஆனால் அதே பற்றரியின் முனைகளைக் காய்ந்த கையால் தொட்டால் ஒன்றும் தெரியாது. நம் உடம்பின் தடை, தோல் காய்ந்திருந்தால் பல ஆயிரம் ஓம். ஈரமானால், அதுவும் கடல் தண்ணீரில் நனைந்தால், ஆயிரம் ஓமுக்கு இறங்கிவிடும். 12 ÷ 1000 = 0.012 அம்பியர், கூச்சம் தெரியலாம். 230 ÷ 1000 = 0.23 அம்பியர், ஆளைக் கொல்லப் போதும். வீட்டு ட்ரிப் சுவிட்ச் பொதுவாக 0.03 அம்பியர் கசிந்தாலே விழும்படி செய்யப்பட்டிருக்கிறது. இந்த இரண்டு எண்களுக்கும் நடுவில் அது நிற்பதைப் பாருங்கள். அதில் ஒரு சோதனைப் பொத்தான் இருக்கும். மாதம் ஒரு முறையாவது அழுத்துங்கள். அழுத்தியும் விழவில்லை என்றால் அன்றைக்கே ஆளைக் கூப்பிடுங்கள்.

கடைசியாக மோட்டர். கிணற்று மோட்டரில் கிளாம்ப் மீற்றரைப் போட்டால் 5 அம்பியர் காட்டுகிறது, வோல்ற்று 230. பெருக்கினால் 1150. இதை வாற்று என்று எழுதிவிடாதீர்கள். வீட்டு மின்சாரம் செக்கனுக்கு 50 முறை போய் வரும் மின்சாரம். கேத்தலில் வோல்ற்றும் ஓட்டமும் ஒன்றாக ஏறி ஒன்றாக இறங்கும். ஆகவே நேரே பெருக்கலாம். மோட்டரில் ஓட்டம் கொஞ்சம் பிந்தி வரும். சக்தியில் ஒரு பகுதி மோட்டருக்குப் போய், பயன்படாமல் திரும்பி வயருக்கே வரும். எவ்வளவு பயன்பட்டது என்பதைச் சொல்வது வலுக் காரணி. மோட்டரின் பெயர்த்தகட்டில் 0.8 என்பதுபோல எழுதியிருக்கும். 230 × 5 × 0.8 = 920 வாற்று. வீட்டு மீற்றர் அலகாகக் கணக்கிடுவது இந்த 920ஐ. வயரின் தடிப்பைத் தெரிவு செய்வதற்கோ முழு 5 அம்பியரையும்தான் எடுக்க வேண்டும், ஏனென்றால் திரும்பி வரும் ஓட்டமும் வயரைச் சூடாக்கிக்கொண்டுதான் வருகிறது.

230ஐ 5ஆல் வகுத்தால் 46 ஓம் வரும். ஆனால் மோட்டரை நிறுத்தி, பிளக்கைக் கழற்றி, ஓமில் அளந்தால் சில ஓம் மட்டுமே காட்டும். குமிழில் நடந்ததுபோல் சூட்டால் வந்த வித்தியாசம் இல்லை இது. ஓடும் மோட்டரில் மின்னோட்டத்தைப் பெரும்பாலும் தடுத்து வைப்பது கம்பியின் தடை இல்லை; சுழலும் பகுதியும் காந்தப்புலமும் சேர்ந்து எதிர்த்திசையில் உண்டாக்கும் வோல்ற்று. மணல் அடைத்தோ துருப்பிடித்தோ மோட்டர் சுற்றாமல் இறுகி நின்றால் அந்த எதிர்ப்பின் பெரும்பகுதி போய்விடும். மின்னோட்டம் பல மடங்கு பாயும். "ம்ம்" என்று உறுமிக்கொண்டு சுற்றாமல் நிற்கும் மோட்டரை உடனே அணைக்க வேண்டும். வெப்பம் மின்னோட்டத்தின் வர்க்கத்தோடு ஏறுவதால், சுருளின் வார்னிஷ் கருகுவதற்குச் சில நிமிடங்களே போதும்.